வயிறெரிய விளைந்த மிளகாய்

கிட்ட வந்து உட்காருங்கள். அந்த ஓரத்தில் இருக்கிறவரும் நகர்ந்து வாருங்கள், முழங்கால் இடித்தால் இடித்துவிட்டுப் போகட்டும். இது உரக்கச் சொல்லுகிற கதை இல்லை, பொறாமைக் கதை. உரக்கச் சொன்னால் அடுத்த வீட்டுக்காரிக்குக் கேட்கும், தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று இடுப்பில் கை வைத்து வந்து நிற்பாள்.

வாகைக்கரை என்று ஓர் ஊர். கிழக்கே கடல் இருக்கிறது என்று காற்று சொல்லும், ஆனால் கடல் கண்ணுக்குத் தெரியாது. மேலே மேகம் போகும், ஆனால் போய்க்கொண்டேதான் இருக்கும். கருவேலமும் கரிசலும் ஒரு கண்மாயும் நூறு வீடும், அந்த நூறு வீட்டுக்கும் சேர்த்து விளைகிறது ஒன்றே ஒன்று, குண்டு மிளகாய். அந்த ஊரில் அண்ணன் தம்பி இரண்டு பேர் பாகம் பிரித்துக்கொண்டு, ஒரே நிலத்துக்கு நடுவே முழங்கால் உயரத்துக்கு ஒரு வரப்புப் போட்டார்கள். வரப்புக்கு மேற்கே அண்ணன் இருளப்பனின் பெண்சாதி பஞ்சவர்ணம், கிழக்கே தம்பி பெண்சாதி செல்லக்கிளி. பிரிக்கிற சமயத்தில் பஞ்சவர்ணம் மூன்று நாள் சண்டை போட்டு, மேற்குப் பாகத்தைப் புருசன் பேரில் விடாமல் தன் பேரிலேயே எழுதி வாங்கினாள். அவ்வளவு கெட்டிக்காரி. எழுதி வாங்கிய கையோடு வரப்பில் ஏறி நின்று கிழக்கே பார்த்தாள், பார்த்ததும் கிழக்குப் பாகம் தன்னுடையதைவிட நாலு விரற்கடை அகலமாகத் தெரிந்தது. அளந்தவன் சமமாகத்தான் அளந்தான். பார்த்த கண்ணுக்கு அது தெரியுமா?

செல்லக்கிளி கெட்டவள் இல்லை, அதுதான் பஞ்சவர்ணத்துக்குப் பெரிய தொந்தரவு. கெட்டவளாக இருந்தால் வைதுவிட்டுத் தூங்கலாம். இவள் வைக்கிற ரசத்தின் வாசம் சுவர் ஏறி வரும், இவள் துவைத்துப் போட்ட சேலை காற்றில் ஆடும்போது படபடவென்று சத்தம் கேட்கும், இவள் புருசன் சந்தைக்குப் போனால் வாழையிலையில் மடித்து அல்வா வாங்கி வருவான், இவள் அதில் பாதியை "அக்கா, இந்தாங்க" என்று கொண்டுவந்து நீட்டுவாள். வாங்கித் தின்றால் இனிக்கும், இனித்த உடனே தொப்புளுக்குக் கீழே சாம்பல் மூடிய ஒரு கங்கு கண்ணைத் திறக்கும், அது மெல்ல ஏறி நெஞ்சுக்கு வந்து கண் வழியே எட்டிப் பார்க்கும். அதைத்தான் ஊரில் வயிற்றெரிச்சல் என்பார்கள்.

அந்த ஊர்த் தெய்வம் இமையாத்தாள். இமைக்காத ஆத்தாள். ஏழு வருசத்துக்கு ஒருமுறை அவளை மண்ணால் புதிதாகச் செய்து, வண்ணம் பூசி, சேலை கட்டி, எல்லாம் முடிந்து கடைசியாகச் சிலை செய்த வேளார் கண் எழுதுவார். கண் எழுதினதும் ஆத்தாள் பார்க்கிற முதல் பார்வையை மனுசப் பிறவி தாங்காது. அதனால் எதிரே ஒரு கண்ணாடியைப் பிடித்து, ஆத்தாள் பார்வையை ஆத்தாளுக்கே திருப்பிவிடுவது ஊர்வழக்கம். யார் நிலத்து மண்ணில் ஆத்தாள் உருவானாளோ அந்த வீட்டுப் பெண் பக்கவாட்டில் நின்றுகொண்டு கண்ணாடியைப் பிடிப்பாள். அந்த வைகாசியில் மண் எடுத்தது செல்லக்கிளி நிலத்தில்.

மேளம் அடிக்கிறது, குலவை போடுகிறார்கள், வேளார் தூரிகையை மையில் தோய்த்துவிட்டார், செல்லக்கிளி மஞ்சள் பூசிக் குளித்து ஈரத்தலையோடு கண்ணாடியைத் தூக்கி நிற்கிறாள், அந்தக் கண்ணாடியில் வெயில் பட்டு அவள் கன்னத்தில் ஒரு வெளிச்சத் துண்டு ஆடுகிறது. பஞ்சவர்ணத்துக்குக் கங்கு ஏறிவிட்டது.

"மூத்தவ நான் இருக்கையில இளையவ கையில கண்ணாடியா?"

"மண்ணு எங்க பாகத்துல எடுத்ததுக்கா."

"வரப்பு போட்டது போன வருசம்டி. மண்ணுக்கு என்ன வயசுன்னு தெரியுமா உனக்கு? கொடு இங்க!"

கொடு என்று குறுக்கே பாய்ந்தாள். சோணைப் பூசாரி "ஏ, விலகு, விலகு!" என்று கத்துகிறார். வேளார் கை நிற்கவில்லை, எழுதத் தொடங்கின கண்ணை நடுவில் நிறுத்தக்கூடாது. கண்ணாடிக்கும் ஆத்தாளுக்கும் நடுவே பஞ்சவர்ணத்தின் முகம் இருந்தது. அவள் கண் செல்லக்கிளி கையில் இருந்த கண்ணாடி மேலே எரிந்துகொண்டு இருந்தது. அந்த நேரத்தில் இமையாத்தாள் கண்ணைத் திறந்தாள்.

இடி இடிக்கவில்லை. மேளக்காரர்கள்கூட நிறுத்தவில்லை. பஞ்சவர்ணம் கண்ணில் தூசி விழுந்தது போலக் கசக்கிக்கொண்டாள். பூசாரி மட்டும் அவளையும் ஆத்தாளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சரி, நடந்தது நடந்துபோச்சு, பொங்கப் பானையை இறக்குங்க" என்றார்.

மறுநாள் காலையில் செல்லக்கிளி வீட்டு முருங்கையைப் பஞ்சவர்ணம் பார்த்தாள். ஏழெட்டுக் காய் தொங்கியது. "மூதேவிக்கு எப்படிக் காச்சிருக்கு பாரு" என்று மனசுக்குள் சொன்னாள், சொல்லி முடிப்பதற்குள் எட்டு எண்பதாகி, எண்பது எண்ண முடியாமல் போய், மரம் காயைப் போர்த்திக்கொண்டு குனிந்து நின்றது. செல்லக்கிளி வெளியே வந்து பார்த்து, "நேத்து பூத்தது இன்னைக்குக் காச்சிருச்சு" என்று சொல்லிவிட்டு அரிவாள் எடுக்கப் போனாள். அடுத்த வாரம் பக்கத்து வீட்டுப் பசு. அதற்கடுத்து வடக்குத் தெருக் கிணறு. அப்புறம் ஒருத்தன் கூரையில் படர்ந்த சுரைக்கொடி, அது கூரையைத் தாண்டித் தெருவைக் கடந்து எதிர்வீட்டுக்குள் போய் அடுப்படியில் காய்த்தது. எதிர்வீட்டுக்காரி அறுத்துக் குழம்பு வைத்தாள்.

கண் பட்டிருக்கிறதா என்று பார்க்க அந்த ஊரில் ஒரு சோதனை உண்டு. மூன்று மிளகாய், கொஞ்சம் உப்பு, தெருமண், எல்லாம் சேர்த்துச் சுற்றி அடுப்பில் போடுவார்கள். நெடி ஏறித் தும்மல் வந்தால் ஒன்றுமில்லை. நெடி வராவிட்டால் கண் பட்டிருக்கிறது. முருங்கைக்குச் சுற்றினார்கள், நெடி வரவில்லை. பசுவுக்குச் சுற்றினார்கள், நெடி வரவில்லை. கண் பட்டது நிசம். ஆனால் கண் பட்டது கருகவேண்டும், இதுவோ பொங்குகிறது. கிணற்றடியில் பெண்கள் ஒரு முற்பகல் முழுக்கப் பேசினார்கள், பேசி முடித்து வீட்டுக்குப் போய், வாசலில் கட்டியிருந்த பூசணிக்காய்ப் பொம்மையை அவிழ்த்தார்கள், வயலில் நட்டிருந்த புள்ளி வைத்த பானையைப் பிடுங்கினார்கள், கொல்லையில் மறைத்துக் கட்டியிருந்த ஆட்டையும் மாட்டையும் பஞ்சவர்ணம் நடக்கிற பாதைக்குக் கொண்டுவந்து கட்டினார்கள். அவ்வளவுதான். ஊர் பழகிவிட்டது.

கீழத்தெரு ராக்காயி ஒருநாள் வழிமறித்தாள். "அக்கா, ஒரு எட்டு வீட்டுக்கு வந்துட்டுப் போங்க. எருமை கன்னு போட்டிருக்கு."

"சரி, நல்லா இருக்கட்டும்."

"ஐயையோ, நல்லா இருக்கட்டும்னு சொல்லிராதீங்க! வந்து பார்த்து வயிறெரிஞ்சிட்டுப் போங்கக்கா. டீ போட்டு வச்சிருக்கேன்."

பஞ்சவர்ணம் போனாள், டீயைக் குடித்தாள், எருமையைப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. கூப்பிட்டால் வருகிற சரக்கா பொறாமை? அது உண்மையாக எரியவேண்டும். இதையும் ஊர் சீக்கிரமே கண்டுகொண்டது. அதற்கப்புறம் அவளை எதிரில் பார்த்தவர்கள் எல்லாம் பெருமை பேசத் தொடங்கினார்கள். நாணம், அடக்கம் எல்லாம் ஊரைவிட்டுப் போனது. "எம்மக அனுப்பின சேலை, தொட்டுப் பாருங்க, வெண்ணெய் மாதிரி." "எம்புருசன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசுனதில்லை." ராக்காயி யோசித்து யோசித்து, "மாமியா போனதுல இருந்து எனக்குத் தூக்கம் அப்படி வருதுக்கா, படுத்தா மலைப்பாம்பு மாதிரி" என்றாள். பஞ்சவர்ணம் தூங்கி எத்தனை நாளாயிற்று! கங்கு ஏறியது. ராக்காயி அங்கேயே சரிந்து மூன்று நாள் தூங்கினாள், எருமைக்கு யார் யாரோ புல் போட்டார்கள்.

பூசாரி சொன்னார், ஆத்தாள் கண் இவள் கண்ணுக்குள் குடியேறிவிட்டது என்று. விவசாய ஆபீசர் வந்து மண்ணை முகர்ந்து பார்த்து, ஈரம்தான் காரணம் என்று எழுதிக்கொண்டார், எழுதி முடித்துப் போகும்போது, "அம்மா, இந்த வண்டி போன மாசம்தான் எடுத்தது, எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனார். அதிலிருந்து அந்த வண்டி பெட்ரோல் கேட்டதில்லை என்பார்கள், நான் பார்க்கவில்லை. மிளகாயை விலைக்கு எடுக்க வருகிற சிக்கந்தர் ராவுத்தரிடம் பஞ்சவர்ணமே கேட்டாள்.

"ராவுத்தரே, சாமிக்குக் கொடுக்கணும்னு தோணினா நேரா கொடுக்கக்கூடாதா? என் வயித்துல அடுப்பு மூட்டித்தான் ஊருக்குச் சோறு பொங்கணுமா?"

ராவுத்தர் ஒரு மிளகாயை எடுத்து ஆட்டி விதைச் சத்தம் கேட்டுக்கொண்டே சொன்னார்: "படைச்சவன் எந்த வழியா அனுப்புறான்னு நமக்கு எங்க தெரியும் தாயி? ஆனா நான் பார்த்த வரைக்கும், தண்ணி போற வாய்க்கால் கரையை அரிச்சுக்கிட்டுத்தான் போகுது. வாய்க்காலைக் கேட்டா யாரு போறா?"

அவள் நிலத்தைச் சொல்லவேண்டும் இப்போது. புரட்டாசியில் ஊரே விதைத்தது, பஞ்சவர்ணமும் விதைத்தாள். ஐப்பசியில் செல்லக்கிளி நிலத்துக்கு மேலே ஒரு துண்டு மேகம் வந்தது, பஞ்சவர்ணம் அண்ணாந்து பார்த்தாள், பார்த்த பார்வையில் மேகம் கொட்டியது. மேற்கே நகர்ந்து வந்தது மழை. வரப்பு வரைக்கும் வந்தது. வரப்பு மேல் ஒரு கால் வைத்தது. எட்டிப் பார்த்துவிட்டு, இங்கே யாரும் கூப்பிடவில்லை என்பது போலத் திரும்பிப் போய்விட்டது. கிழக்கே செடி இடுப்பு உயரம் வளர்ந்து கொத்துக் கொத்தாகச் சிவந்தது. மேற்கே செடி நாலு இலையோடு நின்று, இரண்டாகி, குச்சியாகி, தரையோடு படுத்தது. தன் செடியைத் தானே பார்த்துப் பொறாமைப்பட யாரால் முடியும்? அவள் முயற்சி செய்தாள். செல்லக்கிளி பக்கம் போய் நின்றுகொண்டு, முந்தானையை மாற்றிப் போட்டுக்கொண்டு, அந்நியப் பெண்பிள்ளை போலத் தன் நிலத்தைப் பார்த்தாள். பாவமாகத்தான் இருந்தது.

இருளப்பன் அதிகம் பேசாத ஆள். மாசி கடைசியில் வெறும் சாக்கை மடித்து வைத்துவிட்டுச் சொன்னான்: "வித்துட்டுத் திருப்பூருக்குப் போயிருவோம். உங்க அண்ணன் கம்பெனியில ரெண்டு பேருக்கும் வேலை இருக்காம்."

"என் மண்ணை விட்டுட்டா?"

"உன் மண்ணுதான் உன்னைச் சீண்டலையே புள்ள. இன்னும் ஒரு வெள்ளாமை பார்ப்போம். வர்ற மாசியிலயும் இப்படித்தான்னா, பஸ் ஏறிற வேண்டியதுதான்."

அன்றைக்குப் பஞ்சவர்ணம் ஒரு பழைய சேலையைக் கிழித்துக் கண்ணைக் கட்டிக்கொண்டாள். பார்க்கிறதால்தானே இவ்வளவும், பார்க்காவிட்டால் கங்கு அணையும், கங்கு அணைந்தால் ஆத்தாள் என்னை விட்டுவிட்டு வேறு யாரையாவது பிடித்துக்கொள்வாள் என்று நினைத்தாள். எட்டு நாள். ஊரில் பசுக்கள் மடி வற்றின, கண்மாய் ஒரு படி இறங்கியது, ஜனங்கள் வாசலில் வந்து நின்று, "அக்கா, கட்டை அவிழ்த்துட்டு ஒரே ஒரு தடவை எரிஞ்சிட்டுக் கட்டிக்கங்க" என்று கெஞ்சினார்கள். ஒன்பதாம் நாள் சுவருக்கு அந்தப் பக்கம் செல்லக்கிளி அம்மி அரைத்தாள். வளையல் சத்தம் கேட்டது. என்ன சத்தம்! எத்தனை வளையல் போட்டிருப்பாள்? கட்டின கண்ணுக்குள்ளேயே எரிந்தது. சாயங்காலத்துக்குள் செல்லக்கிளி இரண்டு கையிலும் முழங்கை தாண்டி வளையல் ஏறி, கையை மடக்க முடியாமல் அழுதுகொண்டு வந்தாள். பஞ்சவர்ணம் கட்டை அவிழ்த்து எறிந்தாள். இரண்டு பேருமாக உட்கார்ந்து சவுக்காரம் போட்டு வளையல்களைக் கழற்றினார்கள்.

இந்தச் சமயத்தில்தான் அந்தக் கோழி. பஞ்சவர்ணத்தின் கருங்கோழி, இரண்டு மாதமாக முட்டை வைக்காத கோழி, ஒருநாள் சுவரைத் தாண்டிப் போய் செல்லக்கிளி வைக்கோல் போரில் ஒரு முட்டை வைத்தது. "என் கோழி அவ வீட்டுலயா!" என்று பஞ்சவர்ணம் பற்றி எரிந்தாள். மறுநாள் இரண்டு முட்டை. அதற்கு மறுநாள் நாலு. கோழியைப் பிடித்துக்கொண்டுவந்து கூடையில் கவிழ்த்து வைத்தால் ஒன்றும் இல்லை, விட்டால் போய் நாலு. மூன்று தடவை பிடித்து மூன்று தடவை விட்டுப் பார்த்தாள். அப்புறம் கோழியை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

உச்சி வெயிலில் எழுந்து ஆத்தாள் கோயிலுக்குப் போனாள். ஆள் இல்லை. சண்டை போடத்தான் போனாள். "ஏன்டி என்னைப் பிடிச்சே?" என்று கேட்டு, முகத்துக்கு நேரே முகத்தை வைத்தாள். அப்போது ஆத்தாளின் கறுப்புக் கண்ணுக்குள் ஒன்று தெரிந்தது. தன் தலை சின்னதாகத் தெரிந்தது, தன் தலைக்குப் பின்னால் கோயில் வாசல், வாசலுக்கு அப்பால் செல்லக்கிளியின் நிலம். மண் எடுத்த இடம். பஞ்சவர்ணம் விலகி நின்று திரும்பிப் பார்த்தாள். ஆத்தாள் வேறு எங்கேயும் பார்க்கவில்லை, இமைக்காமல் அங்கேயேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடியாத்தி" என்றாள் பஞ்சவர்ணம். கோபம் எங்கோ போய்விட்டது. "உனக்கும் எரியுதா? அந்த மண்ணுல இருந்து உன்னை அள்ளிட்டு வந்து இங்க உக்கார வச்சுட்டாங்க. ஊரே உன்னுதுங்கிறாங்க. ஒரு மிளகாயைக் கிள்ளி வாயில போட முடியுமா உன்னால? அந்தச் சேத்துல கால் வைக்க முடியுமா? தள்ளி உக்காந்து பார்த்துக்கிட்டே இருக்கே. நீ அப்படிப் பார்க்கிறதுலதான் அதெல்லாம் முளைக்குதாக்கும்."

  பஞ்சவர்ணம் ஆத்தாள் சேலையில் இருந்த ஒட்டடையைத் தட்டிவிட்டு நேராக வரப்புக்குப் போனாள்.

செல்லக்கிளி களை பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏ செல்லக்கிளி. என் பாகத்தை நீ எடுத்துக்க."

"வெயில்ல நின்னுட்டு வந்தீங்களாக்கா?"

"கிண்டல் பண்ணாதே. உன் பேருக்கு எழுதித் தர்றேன். நிசமாவே தர்றேன், சும்மா பேருக்கு இல்ல, பேருக்குக் கொடுத்தா எரியாது. நிலம் உன்னுது. நான் உன் நிலத்துல குத்தகைக்கு உழுறவ. பாடுபடுறது நான், விளைஞ்சது எனக்கு. நிலத்துக்காரிக்கு வருசத்துக்கு ஒரு கூடை மிளகாய்."

செல்லக்கிளி நிமிர்ந்தாள். அவளுக்குப் புரிய நேரம் ஆகவில்லை, அவளும் அந்தக் கோழியின் முட்டையைத் தின்றவள்தானே. "நாளைக்கு நான் இடத்தைக் காலி பண்ணுன்னு சொன்னா?"

"சொல்லலாம். காயிதம் உன் கையிலதான இருக்கும்."

"பயமா இல்லையா?"

"பயமாத்தான் இருக்கு. அதனாலதான் சொல்றேன், வேலை செய்யும்."

செல்லக்கிளி களையை உதறிக் கீழே போட்டாள். வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னாள்: "உங்களுக்கு ஒண்ணு சொல்லவாக்கா? கண்ணாடியைப் பிடிச்சு நின்னது நான். நோன்பு இருந்தது நான். ஆத்தா என்னைப் பார்க்கல, உங்களைத்தான் பார்த்தா. எனக்கு எதுவுமே விளையலைன்னாலும் பரவாயில்ல, அந்த ஒரு பார்வை என்மேல விழுந்திருக்கக்கூடாதான்னு நான் ஏங்காத நாள் இல்ல. எரியுறது உங்களுக்கு மட்டும்னு நினைச்சுக்கிட்டு இருக்கீங்க."

 இத்தனை வருசத்தில் தன்னைப் பார்த்து ஒருத்தி எரிவாள் என்று பஞ்சவர்ணம் நினைத்ததே இல்லை. தேன் குடித்தது போல இருந்தது. "நிசமாவா?" என்றாள். "எவ்வளவு எரியும்?"

"ரொம்ப இளிக்காதீங்க. எப்ப எழுதப் போறோம்?"

ஆனியில் பத்திர ஆபீசுக்குப் போய் எழுதினார்கள். திரும்பி வந்து ஆத்தாள் முன்னால் பஞ்சவர்ணம் தன் நிலத்து மண்ணை இரண்டு கையாலும் அள்ளிச் செல்லக்கிளி மடியில் போட்டாள். கை காலியானதும் அவளுக்கு அழுகை வந்தது, அது நடிப்பில்லை. இருளப்பன் விசயம் தெரிந்ததும் தலையில் கையை வைத்துக்கொண்டு, "விக்கலாம்னு சொன்னா, சும்மா தூக்கிக் கொடுத்துட்டு வந்திருக்கா, அதுவும் யாருக்கு!" என்று கோயில் தூணைப் பார்த்துச் சொன்னான். அதிலிருந்து அவளோடு பேசவில்லை. ஒரு பையில் இரண்டு சட்டையை மடித்து வைத்து, பையை ஆணியில் மாட்டினான். மாசி வரைக்கும் அந்தப் பை அங்கேயே தொங்கியது.

ஊர் சிரித்தது. எரிஞ்சு எரிஞ்சு மூளையும் எரிஞ்சுபோச்சு என்றது. பஞ்சவர்ணம் புரட்டாசியில் விதைத்தாள், வேறொருத்தி நிலத்தில் விதைக்கிறோம் என்ற நினைப்போடு ஒவ்வொரு விதையாகப் போட்டாள். செல்லக்கிளியும் நிலத்துக்காரியாகவே நடந்துகொண்டாள். செருப்புக் காலோடு உள்ளே வந்தாள். வரப்பு ஓரத்தில் நின்ற வேம்பில் பஞ்சவர்ணத்தைக் கேட்காமல் கொப்பு ஒடித்தாள். ஒருநாள் தன் தங்கச்சியைக் கூட்டிவந்து கையை நீட்டி, "இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரைக்கும் எங்களுதுதான்" என்றாள். குனிந்து களையெடுத்துக்கொண்டிருந்த பஞ்சவர்ணம் அந்த வார்த்தையைக் கேட்டாள். அன்றைக்கு எரிந்த எரிச்சல் அவள் பிறந்ததிலிருந்து எரிந்ததில்லை. அல்வாவுக்கு எரிந்தது, சேலைக்கு எரிந்தது, கண்ணாடிக்கு எரிந்தது எல்லாம் சேர்ந்து ஒரு பங்கு என்றால் இது நூறு பங்கு. தான் பிடித்த மண், தான் சண்டை போட்டு வாங்கின மண், தன் கையாலேயே அள்ளிக் கொடுத்த மண். அவள் நிமிர்ந்து அந்த நிலத்தை ஒரு பார்வை பார்த்தாள். கோயிலுக்குள்ளிருந்து இன்னொருத்தியும் அதே நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மழை கிழக்கே வந்தது, வரப்பு வரைக்கும் வந்தது, வரப்பு மேல் ஒரு கால் வைத்தது. அப்புறம் இன்னொரு காலையும் எடுத்து வைத்து மேற்கே இறங்கியது.

மார்கழியில் செடி அவள் தோளைத் தொட்டது. தை பிறந்தபோது உள்ளே போனவர்கள் வழி தெரியாமல் ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொண்டார்கள். மாசியில் பழுத்ததும், நிலத்தின் மேலே பறந்த கொக்கு சிவப்பு வெளிச்சம் பட்டுச் சிவப்பாகப் போய், கண்மாயில் இறங்கிய பிறகுதான் வெளுத்தது. இருளப்பன் ஆணியில் தொங்கிய பையை எடுத்தான், சட்டைகளை எடுத்துக் கொடியில் போட்டான், அந்தப் பையிலேயே மிளகாய் பறிக்கத் தொடங்கினான். "போதுமா?" என்றாள் பஞ்சவர்ணம். "இன்னொரு பை இருந்தா எடு" என்றான். எட்டு மாதத்துக்கப்புறம் அவன் பேசின முதல் பேச்சு அது.

களத்தில் காயவைத்துக் குவித்த அன்று செல்லக்கிளி வந்தாள். இடுப்பில் கூடை. ஊரிலேயே பெரிய கூடை அது, கல்யாணத்துக்குச் சோறு வடித்துக் கொட்டுகிற கூடை, யாரிடமோ கேட்டு வாங்கி வந்திருக்கிறாள். களத்தில் நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பஞ்சவர்ணத்துக்கு முகம் சுருங்கியது.

"ஒரு கூடைன்னுதானக்கா பேச்சு. எந்தக் கூடைன்னு நீங்க சொல்லலையே."

"நாசமாப் போறவளே. இதுல ஒரு சாக்கு பிடிக்குமேடி!"

செல்லக்கிளி கிட்ட வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னாள்: "சின்னக் கூடை கொண்டாந்தா உங்களுக்கு எரியாதேக்கா. அப்புறம் அடுத்த வருசத்துக்கு என்ன பண்ணுவீங்க?"

பஞ்சவர்ணம் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கூடையை வாங்கி, குவியலுக்குப் பக்கத்தில் வைத்து நிரப்பினாள். நிரப்பி முடித்ததும் செல்லக்கிளி தலையில் துணிச் சும்மாடு கூட்டிக் குனிந்தாள். "இரு" என்றாள் பஞ்சவர்ணம். குவியலின் முன்னால் குந்தி உட்கார்ந்து, விதைக்கென்று தான் ஒதுக்கி வைத்திருந்ததிலிருந்து, காம்பு ஒடியாத, சுருக்கம் விழாத, வெயிலில் பிடித்தால் உள்ளே விதை தெரிகிற பழமாக ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். பொறுக்கும்போதே பல்லைக் கடித்தாள், கண்ணில் நீர் முட்டியது, ஒன்றைத் திரும்ப எடுத்துத் தன் பக்கம் வைத்தாள், பிறகு அதையும் எடுத்துக் கூடையின் உச்சியில் வைத்தாள். கூடையைத் தூக்கிச் செல்லக்கிளியின் தலையில் ஏற்றிவிட்டு, வரப்பில் போய் உட்கார்ந்துகொண்டு, அது போகிற வழியெல்லாம் இமைக்காமல் பார்க்கத் தொடங்கினாள்.